பின்னங்கால் விழுந்த நாய்: இரவு முனகல் வலியாலா?

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை. மூன்றாம் மாடியில் வீடு, கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. வீட்டில் முதுகுவலிக்காரரான கணவர், எண்பதைத் தாண்டிய அம்மா, பத்து வயது அல்சேஷன் நாய். நாயின் பெயரை மாற்றி டைகர் என்று வைத்துக்கொள்வோம். நிறை 34 கிலோ. எட்டு மாதத்துக்கு முன் பின்னங்கால்களை இழுத்து நடக்கத் தொடங்கினான். இப்போது நாலு அடி வைத்தால் பின்பக்கம் சரிந்து உட்கார்ந்துவிடுகிறான்.

முதலில் பார்த்த வைத்தியர் எக்ஸ்ரே எடுத்து, இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்று சொல்லி பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை கொடுத்தார். மூன்று மாதமாக அந்தக் குளிசை தொடர்கிறது. இரண்டாவது வைத்தியர், இது முள்ளந்தண்டு நோய், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார். கனடாவில் இருக்கும் மகன் ஒரு மரபணுப் பரிசோதனைப் பெட்டியை அனுப்பினார். அதன் முடிவில் ‘இரண்டு பிரதியும் உண்டு’ என்று வந்திருக்கிறது. இரவில் டைகர் முனகுகிறான். பொறுக்க முடியாமல் கணவரின் டைக்குளோபெனக் வலிக்குளிசையில் பாதியை இரண்டு தடவை கொடுத்திருக்கிறார். ‘வதைக்காமல் ஊசி போட்டுவிடுங்கள்’ என்கிறார் மகன். அம்மாவோ ‘வளர்த்த கையால் கொல்வது பாவம்’ என்கிறார். கீழ்வீட்டார் விசர் நோயாக இருக்குமோ என்று பயப்படுகிறார்கள். இலங்கையில் நாயைக் கருணைக்கொலை செய்யவே முடியாது, சட்டம் தடுக்கிறது என்று யாரோ சொன்னார்களாம். ‘மாபிள் தரையில் வளர்த்ததுதான் என் பிழையா?’ என்ற கேள்வியோடு கடிதம் முடிகிறது.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. தரையோ படிக்கட்டோ நீங்கள் கொடுத்த சோறோ இந்த நோயைக் கொண்டுவரவில்லை. கல்சியம் கொடுக்காததும் காரணமில்லை. அதை இதோடு விட்டுவிடுங்கள், பேச வேண்டியவை வேறு நிறைய இருக்கின்றன.

இது அந்த நோய்தானா?

இரண்டு வைத்தியர்களில் ஒருவர் பிழையாகச் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறீர்கள். இருவருமே சரியாகச் சொல்லியிருக்கலாம். பத்து வயது அல்சேஷனை எக்ஸ்ரே எடுத்தால் இடுப்பு மூட்டில் தேய்மானம் தெரிவது சாதாரணம். ஆனால் எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாண் தெரியாது. அதனால் படத்தில் கண்ட தேய்மானம் உண்மை, நடை போனதற்குக் காரணம் வேறு என்பதும் உண்மையாக இருக்கலாம்.

நீங்கள் அனுப்பிய சிறு வீடியோவில் எனக்குப் பட்டது இது: டைகர் கதவருகில் நிற்கிறான், இடது பின்பாதம் மடங்கி, மேற்பக்கம் தரையில் கிடக்கிறது. அது மடங்கிக் கிடப்பதே தெரியாதவன்போல் உங்களைப் பார்த்து வாலை ஆட்டப் பார்க்கிறான். நடு இரண்டு விரல்களின் நகமும் தேய்ந்து இரத்தம் கசிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மூட்டு நோவுள்ள நாய் எழும்பக் கஷ்டப்படும், குட்டி அடி வைக்கும், ஆனால் தன் பாதம் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். நிற்கவைத்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, பின்பாதத்தை மெதுவாக மடக்கி வைத்துப் பாருங்கள். நரம்பு நன்றாக இருந்தால் உடனே திருப்பி ஊன்றிவிடும். மடங்கியபடியே விட்டுக்கொண்டு நின்றால் குறை மூட்டில் மட்டும் இல்லை.

இரண்டாவது வைத்தியர் சொன்ன நோயின் பெயர் டிஜெனரேட்டிவ் மைலோபதி. முண்ணாணில் உள்ள நரம்பிழைகளும் அவற்றின் உறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைவது. 1973இல் அல்சேஷன் நாய்களில்தான் இதைத் தனி நோயாக முதலில் விவரித்தார்கள். 2009இல் எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் உள்ள மாற்றத்தோடு இதற்குத் தொடர்பு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்கு வரும், தசைகளைச் செயலிழக்கவைக்கும் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயில் ஒரு பகுதிக்கும் காரணம் அதே மரபணுதான். பெரும்பாலும் எட்டு வயதுக்கு மேல் தொடங்கும். முதலில் ஒரு பின்னங்கால், பிறகு இரண்டும். பெரிய இன நாய்களில் தொடங்கி ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் பின்னங்கால்கள் முற்றாக விழுந்துவிடும். அதன்பின் சிறுநீர், மலம் கட்டுப்பாடு போகும், முன்னங்கால்களும் தளரும். டைகரின் எட்டு மாதம் இந்தக் கணக்குக்குள் வருகிறது.

மகன் அனுப்பிய பரிசோதனையை உங்கள் வீட்டில் தீர்ப்பாக எடுத்துக்கொண்டீர்கள். அது தீர்ப்பல்ல. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று அந்த மாறிய மரபணுவின் இரண்டு பிரதி இருந்தால் இந்த நோய் வரும் ஆபத்து அதிகம், அவ்வளவுதான். இரண்டு பிரதியோடு பிறந்து, கடைசிவரை நன்றாக நடந்து, வேறு எதனாலோ செத்துப்போகும் நாய்கள் நிறைய. உயிரோடிருக்கும் நாயில் இந்த நோயை நூறு வீதம் உறுதிப்படுத்த வழி கிடையாது. இறந்தபின் முண்ணாணை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் முடியும். அதுவரை செய்யக்கூடியது மற்றவற்றைக் கழிப்பது: முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கியிருக்கிறதா, இடுப்புக்கு மேலே கடைசி முள்ளெலும்பு நரம்பை நெரிக்கிறதா, கட்டி ஏதும் உண்டா என்று.

எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். நாய்க்கு அதை முழு மயக்கத்தில்தான் எடுக்கவேண்டும், செலவும் சின்னதல்ல. என் அபிப்பிராயம்: முதலில் ஒரு மிருக வைத்தியரின் கை போதும். முதுகை ஒவ்வொரு முள்ளாக அழுத்தி, வாலை உயர்த்தி, இடுப்பை நீட்டிப் பார்க்கட்டும். எங்காவது தெளிவாக வலி இருந்தாலோ, திடீரென்று ஒரே வாரத்தில் மோசமானாலோ ஸ்கானைப் பற்றி யோசியுங்கள், பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கிப் போவதையும் கேளுங்கள். வலியே இல்லை, சத்திரசிகிச்சைக்கு நீங்கள் எப்படியும் சம்மதிக்கப் போவதில்லை என்றால், அந்தக் காசை டைகரைத் தூக்க ஆள் வைக்கச் செலவழிப்பது நல்லது. டிஜெனரேட்டிவ் மைலோபதிக்குச் சத்திரசிகிச்சை இல்லை. சென்னையில் ஸ்டெம்செல் ஊசி போடலாமா என்றும் கேட்டீர்கள். பலன் தரும் என்று நிரூபிக்கப்படாத ஒன்றுக்காக இந்த நிலையில் உள்ள நாயைக் கடல்கடந்து கொண்டுபோகாதீர்கள்.

கீழ்வீட்டாருக்குச் சொல்லுங்கள்: விசர் நோய் அறிகுறி காட்டத் தொடங்கினால் நாய் பொதுவாகப் பத்து நாளுக்குள் செத்துவிடும். எட்டு மாதமாகச் சாப்பிட்டு, வாலாட்டிக்கொண்டிருக்கும் நாய்க்கு அது இல்லை. டைகரின் நோய் மனிதருக்கோ மற்ற நாய்க்கோ தொற்றாது. தடுப்பூசி அட்டையை மட்டும் காட்டக்கூடியதாக வைத்திருங்கள்.

இரவு முனகல்

கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இந்த இடம்தான். டிஜெனரேட்டிவ் மைலோபதி வலியில்லாத நோய். அப்படியானால் ஏன் முனகுகிறான்?

நீங்கள் எழுதிய வேறு இரண்டு வரிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘மூன்று மாதமாக வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்கிறான்.’ ‘விடிய எழும்பினால் பாயெல்லாம் மூத்திரம், நோய் சிறுநீர்ப்பைக்கும் வந்துவிட்டது.’ பிரெட்னிசொலோன் தொடங்கியதும் மூன்று மாதத்துக்கு முன்புதான். இந்த மருந்து நாயைப் பயங்கரமாகத் தாகமெடுக்கவும் பசிக்கவும் வைக்கும், சிறுநீரும் அதற்கேற்பப் போகும். ஒழுங்காகப் பழக்கப்பட்ட நாய், படுத்த இடத்தில் நனைக்க விரும்பாது. நள்ளிரவில் முட்டிக்கொண்டு வருகிறது, எழும்பக் கால் இல்லை, உங்களைக் கூப்பிடுகிறான். அந்த முனகலில் பாதியாவது இதுவாக இருக்கும் என்பது என் ஊகம். இன்னொரு பங்கு, ஒரே பக்கமாகப் படுத்திருந்து திரும்ப முடியாத அலுப்பாக இருக்கலாம்.

இதில் மோசமான விஷயம், பிரெட்னிசொலோன் இந்த முண்ணாண் நோயை நிறுத்தாது. நீண்ட நாள் கொடுத்தால் தசையைக் கரைத்துவிடும். டைகருக்குத் தேவையானதோ மிச்சமிருக்கும் தசைதான். அதற்காக நாளைக்கே குளிசையை நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. கொடுத்த வைத்தியரிடமே போய், ‘படிப்படியாகக் குறைக்கலாமா?’ என்று கேளுங்கள். அதோடு சிறுநீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். தொற்று இருந்தாலும் இதே கதைதான் நடக்கும். அடுத்த சில கிழமைகளில் இரவு எப்படிப் போகிறது என்று பார்த்த பிறகே ‘நோய் சிறுநீர்ப்பைக்கு வந்துவிட்டது’ என்ற முடிவுக்கு வரலாம்.

டைக்குளோபெனக் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இனி ஒரு துண்டுகூட வேண்டாம். நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும், பிரெட்னிசொலோனோடு சேர்ந்தால் குடலில் புண் வந்து இரத்தம் கசியும். மலம் தார்போலக் கறுப்பாகப் போகிறதா, வாந்தி எடுக்கிறானா, சாப்பாட்டை வேண்டாம் என்கிறானா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோய், கொடுத்த குளிசையை மறைக்காமல் சொல்லுங்கள். இபுபுரோபனும் அப்படியே. பனடோலையும் நீங்களாகக் கொடுக்கவேண்டாம். முதுகில் பாம் தேய்ப்பதையும் விடுங்கள். கற்பூரம் சேர்ந்தவற்றை நக்கினால் நஞ்சு. அம்மா சொன்ன எண்ணெய் தேய்ப்பு நரம்பைத் திருப்பித் தராது. ஆனால் அவர் தினமும் அவன் பக்கத்தில் அமர்ந்து காலை நீவிவிடுவது நல்லது. எண்ணெய் இல்லாமல் நீவட்டும்.

வீட்டில் செய்யக்கூடியது

‘செய்ய ஒன்றுமில்லை’ என்று சொன்னவர் மருந்தைத்தான் நினைத்திருப்பார். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்த நோய் இருப்பதாகக் கருதப்பட்ட 22 நாய்களைப் பார்த்தார்கள். தினமும் தீவிரமாக உடற்பயிற்சி சிகிச்சை கிடைத்தவை சராசரி 255 நாளும், மிதமாகக் கிடைத்தவை 130 நாளும், ஒன்றுமே கிடைக்காதவை 55 நாளும் உயிரோடிருந்தன. சின்ன ஆய்வு; கூடுதலாகப் பாடுபட்ட வீட்டுக்காரர் கூடுதல் காலம் நாயை வைத்திருக்கவும் விரும்பியிருப்பார். அதனால் எண்ணை அப்படியே நம்பவேண்டாம். ஆனாலும் கையிலுள்ள எந்தக் குளிசைக்கும் இவ்வளவுகூட ஆதாரம் இல்லை.

பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்து, பத்து நிமிடச் சிறு நடை, ஒரு நாளில் பல தடவை. படுத்திருக்கும்போது பின்னங்காலை சைக்கிள் மிதிப்பதுபோல் மெதுவாக மடக்கி நீட்டுங்கள். பாயில் நிற்கவைத்து, இடுப்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசாகத் தள்ளி, சமாளிக்க விடுங்கள். களைக்குமுன் நிறுத்தவேண்டும். கடலில் நீந்தவிடும் யோசனை மட்டும் வேண்டாம். ரயில் பாதையைக் கடந்து, பாறையில் இறக்கி, அலைக்குள் விட்டால், பின்னங்கால் இல்லாத நாயை நீங்கள் மீட்க மாட்டீர்கள். உயிர்காப்பு அங்கி போட்டு அலையில்லாத குளத்தில் என்றால் அருமையான பயிற்சி.

மாபிள் தரை நோயைத் தரவில்லை, ஆனால் இப்போது அவனுக்கு எதிரி. படுக்குமிடத்திலிருந்து தண்ணீர்க் கோப்பைவரைக்கும் பல்கனிவரைக்கும் ரப்பர் பாய் விரித்து ஒரு பாதை போடுங்கள். புறக்கோட்டையில் மீற்றர் கணக்கில் வாங்கலாம். வெளியே போகும்போது பாதத்துக்கு உறை. நடக்கும்போது இடுப்பைத் தாங்க பழைய சாரத்தை நாலாக மடித்து வயிற்றடியில் கொடுத்துப் பிடிப்பீர்கள். ஆண் நாய் என்பதால் குறியில் அழுத்தாமல் தொடைக்கு முன்பாகச் சரியான இடத்தில் வையுங்கள், அல்லது கைபிடி உள்ள இடுப்புப் பட்டி ஒன்று வாங்குங்கள். நிறையைக் குறைக்கவேண்டும். கையால் தடவினால் விலா எலும்பு தட்டுப்படவேண்டும். சோற்றைக் குறையுங்கள், இறைச்சியையும் முட்டையையும் குறைக்காதீர்கள்.

நம் ஊர் ஈரச்சூட்டில் நான் மிகவும் பயப்படுவது இலையானுக்குத்தான். வாலடியில் மூத்திரம் ஊறிய மயிரில் காலையில் முட்டை இட்டால் மறுநாளே புழு. வால் அடியிலும் தொடையின் உட்புறத்திலும் மயிரை ஒட்ட வெட்டிவிடுங்கள். நனைந்தால் மென்மையான சவர்க்காரத்தால் கழுவி, துவாயால் ஒற்றி, விசிறிக்காற்றில் காயவையுங்கள். கையுறை போடுங்கள், மூத்திரத்தால் தொற்றக்கூடிய எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசி அவனுக்கு ஒழுங்காகப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிள்ளைகளின் பம்பஸ் கட்டலாம், வாலுக்கு ஓட்டை வெட்டி, ஆனால் மணிக்கணக்கில் விடக்கூடாது. சிவந்த இடத்தில் குழந்தைகளுக்குப் பூசும் சிங்க் கிறீமைத் தடவாதீர்கள், நக்கினால் நஞ்சு. இடுப்பு எலும்பு, முழங்கை, கணுக்கால் மூன்றையும் தினமும் விரலால் தடவிப் பாருங்கள். படுக்கைப்புண் தொடங்குவது அங்கேதான். தானாகத் திரும்ப முடியாத நிலை வந்தால் நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றவேண்டும்.

சக்கர வண்டியைப் பற்றி மகன் நிறைய அனுப்பியிருக்கிறார். முன்னங்கால் பலமாக உள்ள நாய்க்கு அது நல்ல பொருள். உங்கள் வீட்டில் நாயையும் வண்டியையும் மூன்று மாடி இறக்கி ஏற்றவேண்டும், வீட்டுக்குள் அது திரும்ப இடமில்லை. நான் அவசரப்பட மாட்டேன். அதற்குமுன், காலையும் மாலையும் டைகரை இறக்கி ஏற்ற கட்டடத்துக் காவலாளியிடமோ பக்கத்துவீட்டுப் பையனிடமோ காசு கொடுத்து ஒழுங்கு செய்யுங்கள். நடுவில் உள்ள நேரத்துக்குப் பல்கனியில் ஒரு தட்டில் மண்ணும் புல்லும் போட்டுப் பழக்குங்கள். 34 கிலோவை உங்கள் கணவர் தூக்கக்கூடாது. அவர் விழுந்தால் அதன்பின் டைகரைப் பார்க்க ஆளில்லை.

யார் சொல்வது, எப்போது சொல்வது

சட்டம் பற்றிய பயம் தேவையில்லை. 2006இலிருந்து பேசப்படும் ‘கொல்லாமை’ என்பது தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை நிறுத்திய அரச கொள்கை. தீராத நோயுள்ள வளர்ப்பு நாயை, உரிமையாளரின் சம்மதத்தோடு, பதிவுபெற்ற மிருக வைத்தியர் ஊசி போட்டு அமைதியாக்குவதை அது தடுக்கவில்லை. ஆனால் சமய நம்பிக்கையால் அதைச் செய்ய விரும்பாத வைத்தியர்கள் இங்கே உண்டு. அது அவர்கள் உரிமை. யார் செய்வார், வீட்டுக்கு வருவாரா என்பதை இப்போதே கேட்டு வையுங்கள். இரவு பதினொரு மணிக்கு நாய் மூச்சுத் திணறும்போது தொலைபேசியில் தேடிக்கொண்டிருக்க முடியாது. தொடர்மாடியில் புதைக்க நிலம் இல்லை என்பதால் அதற்கும் முன்கூட்டியே ஓர் இடம் பேசி வையுங்கள்.

செய்முறை அம்மாவுக்குத் தெரிந்தால் நல்லது. முதலில் தூக்க ஊசி. நாய் ஆழ்ந்து தூங்கியபின் நாளம் வழியாக அளவுக்கதிகமான மயக்க மருந்து. சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண் மூடாது, அதன்பின் ஓரிரு மூச்சு இழுப்பதுபோல் தெரியலாம். அது வலியல்ல. பாவமா இல்லையா என்று அம்மாவோடு வாதாட எனக்குத் தகுதியில்லை, நீங்களும் வாதாடவேண்டாம். ‘எந்த நிலை வந்தால் அவன் கஷ்டப்படுகிறான் என்று நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். நாய் வளர்த்த வயதானவர்கள் இதற்கு எங்களைவிடத் தெளிவாகப் பதில் சொல்வார்கள்.

மகனின் அவசரம் எனக்கு விளங்குகிறது. அவர் பார்ப்பது வீடியோவில் சரிந்து விழும் நாயை. விழுந்த பிறகு அவன் மீன் குழம்பு வாசத்துக்குத் தலையைத் தூக்குவதை அவர் காண்பதில்லை. டைகர் இன்று சாகவேண்டிய நிலையில் இல்லை என்பதே உங்கள் கடிதத்தைப் படித்த என் எண்ணம். ஆனால் ‘வலியில்லாத நோய்’ என்பதைப் பிடித்துக்கொண்டு முன்னங்காலும் விழும்வரை இழுப்பதையும் நான் ஆதரிக்க மாட்டேன். முன்னங்கால் தளரும்போது அவன் தலையைத் தூக்கிச் சுற்றிப்பார்க்கவே கஷ்டப்படுவான், விழுங்கவும் சிரமம் வரும். பெரிய நாய் வளர்ப்பவர்களில் பெரும்பாலானோர் அதற்கு முன்பே விடைகொடுத்துவிடுகிறார்கள். அதில் தவறில்லை.

ஆகவே மனம் அமைதியாக இருக்கும் இப்போதே, நீங்கள் மூவரும் உட்கார்ந்து எல்லையை ஒரு தாளில் எழுதுங்கள். ஆறாத படுக்கைப்புண், முன்னங்கால் தளர்ச்சி, இரண்டு நாள் தொடர்ந்து சாப்பாட்டை மறுப்பது, உங்களைக் கண்டும் முகம் மலராதது என்று உங்களுக்குப் படுவதை எழுதுங்கள். அதில் ஒரு வரி உங்கள் உடம்பைப் பற்றியும் இருக்கவேண்டும்: ‘தூக்க எங்களுக்கு ஏலாமல் போனால்.’ அதை எழுத வெட்கப்படாதீர்கள். இந்த வீட்டில் யார் தூக்குகிறாரோ, யார் விடிய எழும்பிக் கழுவுகிறாரோ அவர் சொல்தான் முதல் சொல். மகனுக்கு அந்தத் தாளின் ஒரு பிரதியை அனுப்புங்கள். பணம் அனுப்ப விரும்பினால் தூக்க வரும் பையனின் சம்பளத்துக்கு அனுப்பட்டும்.

இன்னொன்று. நாலு வருடத்துக்கு முன் டைகரை ஒருதடவை இணைசேர்த்து, குட்டிகளைக் கொட்டாஞ்சேனையில் கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள். ஒவ்வொரு குட்டிக்கும் அவனிடமிருந்து ஒரு பிரதி நிச்சயம் போயிருக்கும். அவற்றுக்கு நோய் வரும் என்று அர்த்தமில்லை, தாயிடமிருந்தும் ஒன்று கிடைத்திருந்தால்தான் ஆபத்துக் கூடும். வாங்கியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள், சோதிக்காமல் அவற்றை இணைசேர்க்கவேண்டாம் என்று.

இந்தக் கிழமை செய்யவேண்டியது வைத்தியரிடம் போவது. காலையில் போகும் முதல் சிறுநீரைச் சுத்தமான போத்தலில் பிடித்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சில மணித்தியாலத்துக்குள் கொண்டுபோங்கள். ஒரு நாளைக்கு அவன் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறான் என்று போத்தலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே படம், மரபணு முடிவு, பிரெட்னிசொலோன் அட்டை, டைக்குளோபெனக் கொடுத்த திகதிகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.